முதல் ரிமோட் ஹெலிகாப்டர்: பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள்!

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்திகள் வரத் தொடங்கிவிடும். வானொலியில் பேசுகிறவள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நேயர்கள் நினைத்துக்கொள்வது ஒரு காரணம். ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிடுவது என் பொழுதுபோக்கு என்று நிகழ்ச்சியில் ஒரு முறை வாய்விட்டுச் சொன்னது இன்னொரு காரணம். "பையன் ஹெலிகாப்டர் கேட்கிறான், எதை வாங்கலாம்?" என்று மெர்லிமாவிலிருந்து ஓர் அம்மா கேட்பார். "வேலை முடிந்து வந்தால் பொழுது போகவில்லை, எனக்கே ஒன்று வேண்டும்" என்று ஆயர் குரோவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞர் எழுதுவார்.

கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குப் பின்னால் நடப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பசார் மாலாமிலோ பேரங்காடியிலோ இணையக் கடையிலோ, படம் பெரிதாக உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் வாசலில் வைத்து ஒரே தள்ளு. ஹெலிகாப்டர் சுழன்று போய்ச் சுவரில் மோதும். விசிறி உடையும். மாற்று விசிறி கிடைக்காது. இரண்டாம் நாள் அது அலமாரி மேல் ஏறிவிடும்.

போனது நூறு இருநூறு வெள்ளி மட்டும் என்றால் பரவாயில்லை. அந்தப் பிள்ளை மனத்தில் ஒன்று பதிந்துவிடுகிறது: "எனக்கு இதெல்லாம் வராது." உண்மையில் பிள்ளைக்கு வராதது இல்லை, தவறான ஹெலிகாப்டர் கைக்கு வந்துவிட்டது. அதனால்தான் இந்த வாரம் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம் என்று நினைத்தேன்.

டிரோன் போல இது சாது இல்லை

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். நான்கு விசிறி கொண்ட டிரோனும் ஹெலிகாப்டரும் ஒன்றல்ல. இன்றைய டிரோனில் கையை எடுத்துவிட்டால் அது நின்ற இடத்தில் நிற்கும். அதன் கணினியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஹெலிகாப்டர் அப்படி இல்லை. அது எப்போதும் எங்கேயாவது நழுவப் பார்க்கும். நாம்தான் அதைப் பிடித்துப் பிடித்து நிறுத்த வேண்டும்.

ஜாசினில் இருக்கும் என் அக்கா மகள் படிவம் 1 படிக்கிறாள். முதல் முறை என் ஹெலிகாப்டரைக் கையில் எடுத்தபோது, "சித்தி, இது ஏன் சொன்ன பேச்சே கேட்க மாட்டேங்குது?" என்றாள். நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

ஹெலிகாப்டரின் தலைமேல் உள்ள பெரிய விசிறி ஒரு பக்கமாகச் சுழலும்போது, அதன் உடல் எதிர்ப்பக்கமாகச் சுழலப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வாலில் ஒரு சின்ன விசிறி. பெரிய விசிறியின் வேகத்தைக் கூட்டினால் வால் விசிறியும் அதற்கேற்ப ஈடுகொடுக்க வேண்டும். முன்னே சாய்த்தால் உயரம் குறையும். உயரத்தைக் கூட்டினால் வால் திரும்பும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். நம் தீயணைப்பு மீட்புத் துறையின் ஹெலிகாப்டரை ஓட்டும் விமானிக்கும் இதே கணக்குத்தான்.

இந்தச் சிக்கலால்தான் மாதிரி விமானங்கள் வந்து பல ஆண்டுகள் கழித்தே மாதிரி ஹெலிகாப்டர் வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் என்ற பொறியாளர் 1960களின் இறுதியில்தான் ரிமோட் ஹெலிகாப்டரைக் கட்டுப்பாட்டுடன் பறக்க வைத்தார். அன்று வாலைச் சமாளிப்பது முழுக்க முழுக்க விரலின் வேலை. இன்று ஜைரோ என்ற சின்னக் கருவி, உடல் திரும்புவதை உணர்ந்து வால் விசிறியைத் தானே சரிசெய்கிறது. அதனால்தான் ஒரு சிறுமியால்கூட இன்று கற்றுக்கொள்ள முடிகிறது.

மூன்று வகை, மூன்று படி

கடையில் நூறு பெயர் இருக்கலாம். ஆனால் தொடக்கநிலையில் இருப்பவர் மூன்று வகைகளை அறிந்தால் போதும்.

முதல் வகை, ஒரே தண்டில் மேலும் கீழுமாக இரண்டு பெரிய விசிறிகள் உள்ளது. இரண்டும் எதிரெதிராகச் சுழல்வதால் உடல் சுழலாது. தானாகவே நிலையாக நிற்கும். சைமா எஸ்107 என்ற சின்ன ஹெலிகாப்டர் இந்த வகையில் உலகம் முழுதும் பெயர் பெற்றது. நீளம் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். முக்கால் மணி நேரத்துக்குள் சார்ஜ் ஏறிவிடும்; ஆறிலிருந்து எட்டு நிமிடம் வரை பறக்கும். மேலே கீழே, முன்னே பின்னே, இடம் வலமாகத் திரும்புவது என்று மூன்று கட்டுப்பாடுகள். இதைத்தான் மூன்று சேனல் என்கிறார்கள்.

இதன் குறை, காற்று. வரவேற்பறையில் மின்விசிறி ஓடினாலே தள்ளாடும். வெளியே கொண்டு போனால் பக்கத்து வீட்டுக் கூரையில்தான் தேட வேண்டும். மேலும், இவற்றில் பல அகச்சிவப்புக் கதிரால் இயங்குபவை. தொலைக்காட்சி ரிமோட் மாதிரி. வெயிலில் அந்தக் கதிர் எடுபடாது. ஆகவே இது வீட்டுக்குள் விளையாட மட்டும்.

இரண்டாம் வகை, தலையில் ஒரு விசிறி, வாலில் ஒரு விசிறி உள்ள நான்கு சேனல் ஹெலிகாப்டர். பெரிய விசிறியின் சாய்வுக் கோணம் மாறாது. வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் ஏற்றி இறக்க வேண்டும். நான்காவது சேனல் என்பது பக்கவாட்டில் நகர்வது. உண்மையான ஹெலிகாப்டரின் குணம் இங்கேதான் தொடங்குகிறது. டபிள்யூ.எல்.டாய்ஸ் வி911எஸ் போன்றவை இந்த வகை. எடை மிகக் குறைவு. புல்லில் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆறு அச்சு ஜைரோ இருப்பதால் கையை விட்டால் ஓரளவு சமநிலைக்கு வரும்.

மூன்றாம் வகையில் பெரிய விசிறியின் சாய்வுக் கோணத்தையே பறக்கும்போது மாற்றலாம். ஆறு சேனல் என்று பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் இதுதான். தலைகீழாகப் பறக்கும், குட்டிக்கரணம் போடும். இணையக் காணொளிகளில் நாம் வாய்பிளந்து பார்ப்பது எல்லாம் இந்த வகைதான். எக்ஸ்.கே. கே110, பிளேட் 230 எஸ், அலைன் நிறுவனத்தின் டி-ரெக்ஸ் வரிசை ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் சில, தடுமாறினால் ஒரு பொத்தானை அழுத்தியதும் தானாக நேராகும் வசதி கொண்டவை. இருந்தாலும் முதல் ஹெலிகாப்டராக இது வேண்டாம். விழுந்தால் பழுதுபார்க்கும் செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம்.

அப்படியானால் எதை வாங்குவது? பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை, வீட்டுக்குள் மட்டும்தான் விளையாடுவார் என்றால் முதல் வகை போதும். பதின்ம வயதினரும் பெரியவர்களும் நேராக இரண்டாம் வகைக்குப் போகலாம். "முதலில் லேசானதை வாங்கிப் பழகி, பிறகு நான்கு சேனலுக்குப் போகலாமே" என்பார்கள். மூன்று சேனலில் பக்கவாட்டில் நகரும் பழக்கமே கைக்கு வராது. பிறகு நான்காவது சேனலை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் இரண்டாம் வகையே சிக்கனம்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த வரையில் முதல் வகை நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. இரண்டாம் வகைக்கு நூற்று ஐம்பதிலிருந்து முந்நூறு வெள்ளி வரை ஒதுக்கலாம். மூன்றாம் வகை ஐந்நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரங்களுக்குப் போகும். கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

பணத்தை நீட்டும் முன் சில கேள்விகள் கேளுங்கள்.

உதிரிப் பாகம் கிடைக்குமா? இதுதான் முதல் கேள்வி. பெரிய விசிறி, வால் விசிறி, தரையிறங்கும் கால், பேட்டரி ஆகிய நான்கும் தனியாகக் கிடைக்கவில்லை என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். முதல் மாதத்தில் விசிறி உடையாத ஆள் இல்லை. கையில் உள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கை உதிரிப் பாகத்துக்கும் கூடுதல் பேட்டரிக்கும் ஒதுக்குவது என் வழக்கம். 300 வெள்ளி இருந்தால் 200 வெள்ளி ஹெலிகாப்டர், 100 வெள்ளி உதிரி.

ரிமோட் எந்த வகை? 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வானலையில் இயங்குவதா என்று பாருங்கள். அதில் பக்கத்தில் இன்னொருவர் பறக்கவிட்டாலும் குழப்பம் வராது. வெயிலிலும் வேலை செய்யும். வானலையைப் பயன்படுத்தும் கருவி என்பதால், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை உள்ளதா என்றும் கவனியுங்கள்.

எந்த மோட்? இடது குச்சியில் உயரமும் வால் திருப்பமும், வலது குச்சியில் முன் பின் பக்கவாட்டு நகர்வும் இருந்தால் அது மோட் 2. உயரக் கட்டுப்பாடு வலது கையில் இருந்தால் மோட் 1. இரண்டில் எது சிறந்தது என்று சண்டை போட வேண்டியதில்லை. உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்போகிறவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதையே வாங்குங்கள். விரலுக்குப் பழகிய பிறகு மாற்றுவது, இடக்கையால் சாப்பிடப் பழகுவது மாதிரி.

உயரத்தைத் தானே பிடித்து நிற்கும் வசதி உள்ளதா? இப்போது வரும் பல நான்கு சேனல் ஹெலிகாப்டர்களில் காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைக் காக்கும் உணரி இருக்கிறது. முதல் நாள் பயம் போவதற்கு இது நல்லது. ஆனால் மின்விசிறிக்குக் கீழோ சுவர் ஓரத்திலோ காற்றழுத்தம் மாறும்போது அது ஏறி இறங்கும். உயரத்தை விரலால் பிடிக்கும் பழக்கமும் வராது. அந்த வசதியை நிறுத்தி வைக்க முடிகிற மாதிரி இருந்தால் மேலும் நல்லது.

கேமரா வேண்டுமா? முதல் ஹெலிகாப்டருக்கு வேண்டாம். கேமரா எடையைக் கூட்டும், பறக்கும் நேரத்தைக் குறைக்கும். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போடும் இடத்தைப் படம் பிடித்துவிட்டு, பிறகு யார் பதில் சொல்வது?

மலாக்காவில் எங்கே பறக்கவிடுவது?

நம் மாநிலத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லா இடமும் உகந்த இடமல்ல.

தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குத் தமிழ்ப்பள்ளிக்கும் கோவிலுக்கும் பக்கத்தில் உள்ள திடல் நினைவிருக்கும். பந்து விளையாட்டு, கோவில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் அங்கேதான். இன்றும் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் அப்படிப்பட்ட திடல்கள் இருக்கின்றன. புல்தரை என்பதால் விழுந்தாலும் அடி குறைவு. அனுமதி கேட்டு, ஆள் இல்லாத நேரத்தில் பறக்கவிட்டால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: திடலைச் சுற்றிச் செம்பனை மரங்கள் இருந்தால் நடுவிலேயே நில்லுங்கள். மட்டைகளுக்கு நடுவே போன ஹெலிகாப்டரைத் தேடி எடுப்பது எளிதல்ல. அந்த முள்ளில் கைவிடுவது அதைவிடக் கொடுமை. மின்கம்பி அருகே போய்விட்டால் எடுக்கவே முயலாதீர்கள்.

தாமான் வீடுகளில் இருப்பவர்களுக்குப் பொது மண்டபமோ பூப்பந்து அரங்கமோ கிடைத்தால் முதல் இரண்டு வாரத்துக்கு அதுவே போதும். காற்று இருக்காது. வெளியே என்றால் அதிகாலையும், வெயில் தணிந்த மாலையும் நல்லவை. கிளேபாங், தஞ்சோங் கிளிங் கடற்கரைப் பக்கம் இடம் விரிந்து கிடக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம். கடற்காற்று சின்ன ஹெலிகாப்டரைச் சருகு மாதிரி தூக்கிப் போய்விடும். மரத்தின் நுனி இலைகள் ஆடாமல் இருந்தால் பறக்கவிடலாம். கிளை அசைந்தால் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அடுத்து சட்டம். 2016ஆம் ஆண்டு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகள் ஆளில்லாப் பறக்கும் கருவிகளையும் சேர்த்தே பேசுகின்றன. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள போக்குவரத்து மண்டலத்திலும், தரையிலிருந்து 400 அடிக்கு மேலும், அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. 400 அடி என்பது ஏறக்குறைய 120 மீட்டர். கருவி எப்போதும் நம் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும். இவற்றைக் கவனிப்பது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்.

இது நமக்கு ஏன் முக்கியம்? மலாக்கா விமான நிலையம் பத்து பெரெண்டாமில், நகருக்கு அருகிலேயே இருக்கிறது. பயணிகள் விமானம் குறைவாக இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. அங்கே விமானம் ஓட்டக் கற்கும் மாணவர்கள் சின்ன விமானங்களில் தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பத்து பெரெண்டாம், செங், பாச்சாங் பக்கம் குடியிருப்பவர்கள் வீட்டுக்குள்ளோ மண்டபத்திலோ பறக்கவிடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மற்ற இடங்களிலும் வெளியே பறக்கவிடும் முன் ஆணையத்தின் நடப்பு அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும்.

முதல் இரண்டு வாரம்

கற்றுக்கொள்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அவசரப்பட்டால்தான் உடையும்.

முதலில் வாலை உங்கள் பக்கம் பார்த்து வையுங்கள். அப்போது ஹெலிகாப்டரின் இடது உங்கள் இடது. அதன் வலது உங்கள் வலது. மூன்று மீட்டர் தள்ளி நின்று, மெதுவாக விசிறியின் வேகத்தைக் கூட்டுங்கள். தரையை ஒட்டி அரை அடி உயரத்தில் தள்ளாடும். விசிறி கீழே தள்ளும் காற்று தரையில் பட்டு அதை அலைக்கழிப்பதுதான் காரணம். பயந்து அங்கேயே வைத்திருக்காமல் முழங்கால் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள், நிதானமாகிவிடும்.

தானாக ஒரு பக்கம் நழுவினால், ரிமோட்டில் உள்ள சின்ன டிரிம் பொத்தானை எதிர்ப்பக்கமாக ஒன்றிரண்டு முறை அழுத்துங்கள். ஒரே இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்த முடிகிறதா? அதுதான் முதல் தேர்வு. அது தேறும்வரை வேறு எதுவும் வேண்டாம்.

பிறகு பக்கவாட்டாகத் திருப்பி நிறுத்திப் பழகுங்கள். கடைசியாகத்தான் மூக்கு உங்களைப் பார்க்கும் நிலை. அப்போது எல்லாம் கண்ணாடி மாதிரி தலைகீழாகும். இடது தள்ளினால் உங்கள் வலப்பக்கம் போகும். மூளை ஒன்று சொல்ல, விரல் ஒன்று செய்யும். எனக்குத் தெரிந்து தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் மோதுவது இந்தக் கட்டத்தில்தான். நின்ற இடத்தில் நிதானம் இழந்தால் வாலை மறுபடி உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் ஒன்று உண்டு. மோதப் போகிறது என்று தெரிந்த நொடியில் விசிறியின் வேகத்தை முழுக்கக் குறைத்துவிடுங்கள். காப்பாற்றலாம் என்று கூட்டாதீர்கள். நின்ற விசிறி விழுந்தால் வளையும். சுழலும் விசிறி மோதினால் உடையும், மோட்டாரும் கருகும்.

கணினி வைத்திருப்பவர்கள் ரியல்ஃபிளைட் போன்ற பயிற்சி மென்பொருளில் முதலில் பழகலாம். அதில் நூறு முறை விழுந்தாலும் ஒரு காசு செலவில்லை. மூன்றாம் வகைக்குப் போக நினைப்பவர்களுக்கு இது விருப்பமல்ல, கட்டாயம் என்றே சொல்வேன்.

பேட்டரியும் விசிறியும்: விளையாட்டல்ல

இந்த ஹெலிகாப்டர்களில் இருப்பது லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரி. எடை குறைவு, வேகம் அதிகம், கோபமும் அதிகம். ஒரு செல்லின் அளவு 3.7 வோல்ட். முழுதும் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் பாழாகிவிடும். ஆகவே ஹெலிகாப்டர் சோர்ந்து தாழும்போதே இறக்கிவிடுங்கள். கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச வேண்டாம்.

பறந்து முடிந்ததும் பேட்டரி சூடாக இருக்கும். கால் மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு சார்ஜ் போடுங்கள். பெட்டியில் வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். சார்ஜ் ஏறும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும். தூங்கப் போகும் முன் போட்டுவிட்டுப் போவது கூடவே கூடாது. மெத்தை மேல் வைக்காமல் ஓடு பதித்த தரையில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். உப்பிய பேட்டரி முடிந்துபோன பேட்டரி. அதற்கு மறுபடி உயிர் கொடுக்க முயல வேண்டாம். சில வாரம் பறக்கவிடப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், ஏறக்குறைய 3.8 வோல்ட்டில் வைப்பது நல்லது.

விசிறியைப் பற்றியும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் இரண்டு வகையில் உள்ள மெல்லிய பிளாஸ்டிக் விசிறி விரலில் பட்டால் சுள்ளென்று வலிக்கும். கண்ணில் பட்டால் நிலைமை வேறு. கண்ணாடி அணிவது நல்லது. தலைமுடி நீளமாக இருந்தால் பின்னிக் கட்டுங்கள். கைக்குழந்தையும் பூனையும் அறையில் இருக்கக் கூடாது.

மூன்றாம் வகையில் 450 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். விசிறியின் குறுக்களவு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,500 சுற்று சுழன்றால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. செப்பாங்கில் ஃபார்முலா 1 கார்கள் நேர்ச்சாலையில் தொட்ட வேகம் அது. அதைவிடப் பெரிய ஹெலிகாப்டர் ஒன்று 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பூங்காவில், அதைப் பறக்கவிட்ட 19 வயது இளைஞரையே தாக்கி உயிரைப் பறித்தது. அவர் கற்றுக்குட்டி அல்ல, நன்கு பழகியவர். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "அண்ணன் பெரியவன், பெரியதாகவே வாங்கட்டும்" என்று சொல்லும் வீடுகளுக்காகச் சொல்கிறேன்.

இது எங்கே கொண்டு போகும்?

"இவ்வளவு செலவழித்து, இவ்வளவு பாடுபட்டு, விளையாட்டுப் பொருள்தானே?" என்று அக்காகூட என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

1878ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு தந்தை தன் இரண்டு மகன்களுக்குப் பறக்கும் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம் ஆகியவற்றால் ஆனது. முறுக்கிய ரப்பர் வளையத்தின் விசையால் விசிறி சுழன்று மேலே எழும்பும். அந்தப் பிள்ளைகள்தான் ரைட் சகோதரர்கள். தங்கள் ஆர்வம் அந்தப் பொம்மையில்தான் தொடங்கியது என்று பின்னாளில் அவர்களே சொன்னார்கள். அதே ரப்பரை நம்பித்தான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் நம் நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். பால்மரத்தை நம்பி வந்த நம் பாட்டன் பாட்டிகளின் கதை பின்னர் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

நமக்குத் தெரிந்த முகம் ஒன்றையும் சொல்லலாம். நடிகர் அஜித் குமார் பல ஆண்டுகளாக ரிமோட் விமானம், ஹெலிகாப்டர் பறக்கவிடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். 2018இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம், அவரைத் தன் தக்ஷா மாணவர் குழுவின் ஆலோசகராக இணைத்துக்கொண்டது. அந்தக் குழு அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஆளில்லா விமானத்தில் மருத்துவ மாதிரியைக் கொண்டு வரும் பன்னாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான்.

விவசாயத்தில் இதன் பயன் இன்னும் பழையது. ஜப்பானில் நெல்வயலுக்கு மருந்து தெளிக்க யமஹா நிறுவனம் 1980களிலேயே ஆளில்லா ஹெலிகாப்டரைக் கொண்டு வந்தது. கரையில் நின்று ரிமோட்டால் அதை ஓட்டுபவர், நாம் முதல் வாரத்தில் கற்கும் அதே பாடத்தைத்தான் கற்றிருப்பார். இன்று நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களிலும் மருந்து தெளிக்கவும், மரங்களை எண்ணவும், வரைபடம் எடுக்கவும் டிரோன்கள் பறக்கின்றன. அப்பா முதுகில் தெளிப்பான் சுமந்த நிலத்தில், பிள்ளை நிழலில் நின்று அதே வேலையைக் கருவியால் செய்யும் காலம் இது.

நம் மாநிலத்திலேயே வாசல்கள் இருக்கின்றன. விமானப் பாகங்களை உருவாக்கும் சி.டி.ஆர்.எம். நிறுவனம் பத்து பெரெண்டாமில் இருக்கிறது. டுரியான் துங்கலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா இருக்கிறது. இருநூறு வெள்ளி ஹெலிகாப்டர் ஒரு பிள்ளையை நேராக அங்கே கொண்டு போய் உட்கார வைக்காது. ஆனால் உடைந்த விசிறியைத் தானே கழற்றி மாட்டிய பிள்ளை, பள்ளியில் விசை, எதிர்விசை என்று ஆசிரியர் எழுதும்போது அதை வேறு கண்ணோடு பார்க்கும். என் அக்கா மகளிடம் நான் கண்ட மாற்றம் அதுதான். சின்னத் திருகாணி ஸ்க்ரூடிரைவர் இப்போது அவள் பென்சில் பெட்டியில் இருக்கிறது. பெண் பிள்ளைக்கு எதற்கு இது என்று கேட்பவர்களுக்கு அவளே பதில் சொல்லிக்கொள்கிறாள்.

கடைக்குப் போகும் முன் ஒரு பார்வை

• வீட்டுக்குள் விளையாடும் சிறுவருக்கு இரட்டை விசிறி. கற்க நினைப்பவருக்கு நான்கு சேனல், ஒற்றை விசிறி.
• ஆறு சேனல், குட்டிக்கரணம் என்று எழுதிய பெட்டியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.
• 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரிமோட், ஆணையத்தின் சான்று முத்திரை, எந்த மோட் என்று பாருங்கள்.
• மாற்று விசிறி இரண்டு ஜோடி, கூடுதல் பேட்டரி இரண்டு சேர்த்தே வாங்குங்கள்.
• விமான நிலையம், மின்கம்பி, கூட்டம் ஆகிய மூன்றிலிருந்தும் தள்ளி நில்லுங்கள்.
• ஒரு நிமிடம் ஒரே இடத்தில் நிறுத்தப் பழகுங்கள். மற்றவை தானாக வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வாங்கிக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் வாரம் பிள்ளையின் பக்கத்திலேயே நில்லுங்கள். விழும்போது, "போச்சா? காசு என்ன மரத்திலா காய்க்குது?" என்று கேட்காதீர்கள். விழாமல் யாரும் கற்றதில்லை. உதிரி விசிறி வாங்கி வைத்திருப்பதே அதற்காகத்தான். இளைஞர்களே, உங்களுக்கும் அதுதான். ஒரு பேட்டரி ஏழு நிமிடம் பறக்கும். வேலை முடிந்து வந்து இரண்டு பேட்டரி பறக்கவிட்டால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் கைப்பேசியைத் தொட முடியாது, முதலாளியை நினைக்க முடியாது. இரண்டு கையும் ரிமோட்டில் இருக்கும். கண் முழுக்க வானத்தில் இருக்கும்.